கடலோர வீட்டுக்கு பைல் அஸ்திவாரம்: தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிருஷ்ணகிரியில் கட்டட வேலை பார்க்கும் பொறியாளன் நான். நம்ம பக்கத்து ஆட்கள் பலர் மரக்காணம், புதுச்சேரி, கடலூர் பக்கம் மனை வாங்குகிறார்கள். பிள்ளைகளுக்கு அங்கே வேலை, அல்லது ஓய்வுக்கு ஒரு வீடு. அங்குள்ள பொறியாளர் 'பைல் போடணும்' என்று சொன்னதும் என்னிடம் வருகிறார்கள். பைல் என்பது வீட்டைத் தாங்க மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் தூண். திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

நம்ம ஊரில் நாலடி தோண்டினாலே கெட்டி வந்துவிடுகிறது. அங்கே மட்டும் எதற்கு நாற்பது அடி?

நம்ம இரண்டு மாவட்டமும் பழைய பாறையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. மேலே கொஞ்சம் செம்மண், அப்புறம் மொரம்பு, அதற்குக் கீழே மக்கிய பாறை, அப்புறம் கடப்பாறை இறங்காத கல். அதனால்தான் 'கெட்டி தட்டுகிற வரைக்கும் தோண்டு, கருங்கல் கட்டு' என்ற கணக்கு இங்கே தலைமுறையாகச் செல்லுபடியாகிறது.

கடலோரத்தில் இருப்பதெல்லாம் ஆறும் கடலும் கொண்டுவந்து போட்ட மண். காவேரிப்பட்டணத்தைத் தாண்டிப் போகும் நம்ம தென்பெண்ணை கடலூர் அருகேதான் கடலில் சேர்கிறது. இங்கிருந்து அடித்துப்போன மணலும் வண்டலும் அங்கே அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது. மேலே பத்தடி நல்ல மணல் தெரியும். அதன் கீழே கை வைத்தால் அமுங்குகிற களி இருக்கலாம். அதற்கும் கீழே மறுபடி மணல். நிலத்தடி நீரோ பல இடங்களில் ஐந்தாறு அடியிலேயே வந்துவிடும். கெட்டி வரும்வரை தோண்டலாம் என்றால் குழியே நிற்காது.

அதனால் வீட்டின் சுமையைப் பலவீனமான அடுக்கைத் தாண்டிக் கீழே கொண்டுபோக வேண்டியிருக்கிறது. பைல் அதை இரண்டு வழியில் செய்கிறது. அடிமுனை உறுதியான அடுக்கில் ஊன்றித் தாங்குவது ஒன்று. உடம்பு முழுவதும் மண்ணோடு உரசிப் பிடித்துக்கொள்வது இன்னொன்று. கடலோரத்தில் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே வேலை செய்யும். பாறையைத் தொடாத பைல் வீண் என்று நம்ம ஊர் ஆட்கள் நினைப்பது சரியல்ல. பிடிமானம் போதுமென்றால் பாறையைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

கடலோரம் என்றாலே பைல்தானா?

இல்லை. இதை அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் பைலை மீட்டர் கணக்கில் விற்கிறவர் இதைச் சொல்ல மாட்டார். அடர்ந்த மணல் ஆழம் வரை தொடர்ந்து இருந்து, கீழே களி இல்லாமல், தரைத்தளம் மட்டும் கட்டுவதென்றால் பில்லருக்கு அடியில் அகலமாகப் போடும் கான்கிரீட் பூட்டிங் போதும். அல்லது வீடு முழுவதற்கும் ஒரே பலகையாகப் போடும் ராப்ட் போதும். நிறையப் பேருக்கு ராப்டே சிக்கனம்.

பைல் தேவைப்படுவது நாலு சந்தர்ப்பத்தில். கீழே மென்களி இருக்கும்போது; மணல் தளர்ந்து நீரில் ஊறிக் கிடக்கும்போது; வெள்ளமோ கடல் ஏற்றமோ வந்தால் மேல்மண்ணை அரித்துப்போகும் இடத்தில்; ஸ்டில்ட் (வெறும் தூண்கள்) வைத்து வீட்டைத் தூக்கிக் கட்டும்போது. அரிப்பு என்பது நம்ம ஊரில் யாரும் யோசிக்காத விஷயம். பூட்டிங்கின் கீழிருக்கும் மணலை ஒரே இரவில் தண்ணீர் எடுத்துப் போய்விட்டால், அது எவ்வளவு அகலமாக இருந்தும் பயனில்லை.

மண் பரிசோதனைக்குக் கேட்கும் பணத்தில் இரண்டு பைல் போட்டுவிடலாமே?

போடலாம். எங்கே, எவ்வளவு ஆழத்தில் போடுவது என்று தெரியாமல் போடலாம்.

பரிசோதனையில் நடப்பது இதுதான். துளை போட்டுக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு ஒன்றரை மீட்டருக்கும் நிறுத்தி, ஒரு குழாயை 63.5 கிலோ எடையால் 75 செ.மீ. உயரத்திலிருந்து அடித்து இறக்குவார்கள். முதல் 15 செ.மீ. கணக்கில் வராது. அடுத்த 30 செ.மீ. இறங்க எத்தனை அடி ஆகிறதோ அதுதான் 'என்' மதிப்பு. ஐ.எஸ். (இந்தியத் தர விதி) 2131 இதற்கானது. மணலில் 10க்குக் கீழே என்றால் தளர்ச்சி, 10 முதல் 30 வரை நடுத்தரம், 30க்கு மேல் அடர்த்தி. களியில் 4க்குக் கீழே வந்தால் அது வெறும் சேறு மாதிரிதான். அறிக்கை கைக்கு வந்ததும் கடைசிப் பக்கத்துப் பரிந்துரையை மட்டும் பார்க்காமல், இந்த எண் ஆழத்தோடு எப்படி ஏறி இறங்குகிறது என்று பாருங்கள். 12, 18, 22 என்று ஏறிவந்து திடீரென 3 என்று விழுந்தால் அங்கே களி ஒளிந்திருக்கிறது. அதற்கு மேலேயே பைலை நிறுத்தினால் பைல் போட்டும் பயனில்லை.

சின்ன வீட்டுக்கு நடுவில் ஒரு துளை போதும் என்று விதி அனுமதிக்கிறது. நான் எதிரெதிர் மூலையில் இரண்டு கேட்பேன். ஆற்று முகத்துவாரம் பக்கத்தில் இருந்தால் பழைய ஓடைத் தடம் மனையின் ஒரு பாதியில் மட்டும் போயிருக்கும். துளையின் ஆழம், பைல் முடியப்போகும் ஆழத்தையும் தாண்டிச் சில மீட்டர் போயிருக்க வேண்டும். பத்து மீட்டர் துளையை வைத்துக்கொண்டு பன்னிரண்டு மீட்டர் பைல் வடிவமைத்த அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன்.

இன்னும் இரண்டைக் கேட்டு வாங்குங்கள். மண்ணிலும் நிலத்தடி நீரிலும் குளோரைடு, சல்பேட் எவ்வளவு என்ற சோதனை ஒன்று. மனையை எத்தனை அடி மண் கொட்டி உயர்த்தப்போகிறீர்கள் என்பதை நீங்களே அவரிடம் சொல்வது இன்னொன்று. தாழ்வான மனையில் நாலடி மண் கொட்டினால் அந்தப் பாரத்தில் கீழே இருக்கும் களி வருடக்கணக்கில் அமுங்கும். அமுங்கும்போது பைலையும் பிடித்துக் கீழே இழுக்கும். தாங்க வேண்டிய மண்ணே சுமையாக மாறிவிடும். இதைக் கணக்கில் சேர்க்காத வடிவமைப்பு காகிதத்தில் நன்றாகவே இருக்கும்.

தரகர் பக்கத்து மனையின் மண் அறிக்கையைத் தந்திருக்கிறார். அது போதாதா?

எவ்வளவு ஆழத்தில் என்ன வரும் என்று முன்கூட்டி ஊகிக்க உதவும். உங்கள் பைலை அதை வைத்து வடிவமைக்க வேண்டாம்.

பைலில் எத்தனை வகை? எங்களுக்கு எது?

வீட்டு வேலைக்கு நடைமுறையில் கிடைப்பது, குழி துளைத்து அங்கேயே கான்கிரீட் ஊற்றும் பைல்தான். ஐ.எஸ். 2911 முதல் பாகத்தின் இரண்டாம் பிரிவு இதைப் பற்றியது. குறுகிய தெருவுக்குள் பெரிய ஹைட்ராலிக் ரிக் (துளைக்கும் இயந்திரம்) வராது. மூன்று கால் நிறுத்தி விஞ்ச் வைத்துத் துளைப்பார்கள். வேலை மெதுவாகத்தான் நடக்கும், அதில் தப்பில்லை.

வார்த்துக் கொண்டுவந்து சம்மட்டியால் அடித்து இறக்கும் பைல் துறைமுகம், தொழிற்சாலை வேலைக்குச் சரி. வீடுகளுக்கு நடுவே அடித்தால் அதிர்வில் பக்கத்து வீட்டுச் சுவர் விரிசல் விடும். அப்புறம் பஞ்சாயத்துதான். வெளிநாட்டுக் காணொளிகளில் வரும் திருகு பைல் இங்கே வீட்டு வேலைக்குப் பெரிதாகப் பழக்கத்தில் இல்லை. அந்த நாளில் சவுக்குக் கட்டைகளை இறக்கிக் கட்டியதுண்டு. எப்போதும் நீருக்குள்ளேயே இருக்கும் மரம் கெடாது என்பது உண்மை. நீர்மட்டம் ஏறி இறங்குகிற பகுதிதான் மக்கும். இன்று போர் போட்டு நீரை இறக்கிவிடுகிற காலத்தில் அந்த உத்தரவாதம் யாருக்கும் கிடையாது.

கரிசல் மண்ணில் குமிழ் வைத்த பைல் போட்டோம், நன்றாக இருக்கிறது. அதையே அங்கேயும் போடலாமா?

அண்டர்ரீம் பைலைச் சொல்கிறீர்கள். கரிசல் மழையில் ஊதிக் கோடையில் சுருங்கும். அந்த ஆட்டம் எட்டாத ஆழத்தில், குறைந்தது மூன்றரை மீட்டரில், தண்டைப் போல இரண்டரை மடங்கு அகலக் குமிழ் விட்டுப் பிடித்துக்கொள்வதுதான் அதன் வேலை. ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வளர்த்தெடுத்த முறை. நம்ம மாவட்டங்களில் அங்கங்கே இருக்கும் கரிசல் துண்டுகளுக்கு இதைவிட நல்லது இல்லை.

நீரில் ஊறிய மணலில் குமிழ் வெட்டவே முடியாது. வெட்டுகிற கணத்திலேயே சரிந்துவிடும். வெட்டியதாகச் சொன்னாலும் நம்ப வேண்டாம். கடலோர மணலுக்கு நேரான பைல்தான்.

ஒரு பைல் போடுவதை ஆரம்பம் முதல் கடைசி வரை சொல்ல முடியுமா? பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

நிற்பது நல்ல முடிவு. 450 மி.மீ. விட்டம், 12 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் மையப்புள்ளி. ரிக் ஏறி இறங்கினால் ஊன்றிய கம்பி நகர்ந்துவிடும். அதனால் மையத்திலிருந்து இரண்டு பக்கமும் சம தூரத்தில் துணைப் புள்ளிகள் வைத்துக்கொள்ள வேண்டும். மேலே ஒன்றிரண்டு மீட்டருக்கு இரும்புக் கேசிங் (உறைக் குழாய்) இறங்கும். அதன் கீழே குழி சரியாமல் காப்பது பென்டோனைட் குழம்பு. அது ஒரு வகைக் களிமண் கரைசல். நிலத்தடி நீர்மட்டத்தைவிட இந்தக் குழம்பின் மட்டம் எப்போதும் ஒரு மீட்டராவது உயரமாக இருக்க வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் மட்டம் இறங்கியதைக் கவனிக்காமல் விட்டால் குழி உள்ளே இடியும். மேலிருந்து பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது.

துளைக்கும்போது வெளியே வரும் மண்ணை ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு பிடி எடுத்துத் தனித்தனிப் பையில் போட்டு, மண் அறிக்கையோடு ஒப்பிடுங்கள். அறிக்கையில் மணல் என்றிருக்கும் ஆழத்தில் களி வந்தால் வேலையை நிறுத்திப் பொறியாளருக்குப் போன் போடுங்கள். ஆழம் வந்துவிட்டது என்று அவர்கள் சொன்னதும் எடை கட்டிய கயிற்றை இறக்கி நீங்களே அளந்து பாருங்கள்.

அப்புறம் கம்பிக் கூடு. விதிப்படி குறுக்குவெட்டில் 0.4 சதவீதமாவது கம்பி வேண்டும். 450 மி.மீ. பைலுக்கு 12 மி.மீ. கம்பி 6 போட்டால் அது சரியாக வரும். பக்கவாட்டு விசை அதிகமென்றால் வடிவமைப்பாளர் கூட்டுவார், அதைக் குறைக்கப் பேரம் பேசாதீர்கள். கடையில் வரும் கம்பி 12 மீட்டர். பைலே 12 மீட்டர். மேலே கேப்புக்குள் (பைல் தலையில் போடும் கான்கிரீட் கட்டை) போகச் சுமார் இரண்டடி நீட்டல் வேண்டும். ஆக, ஜாயிண்ட் கட்டாயம் வரும். அந்த இடத்தில் பைண்டிங் கம்பி மட்டும் சுற்றித் தூக்கினால் கூடு பாதியில் கழன்று உள்ளே விழும். கூட்டைச் சுற்றிச் சக்கர வடிவ கவர் பிளாக் மாட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கம்பி ஒரு பக்கம் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும்.

கூடு இறங்கியதும், கான்கிரீட் ஊற்றுவதற்கான ட்ரெமி குழாய் அடிவரை போகும். அதன் வழியே புதுக் குழம்பை விட்டு அடியில் தங்கிய சகதியை மேலே தள்ளிக் கழுவ வேண்டும். இந்தக் கழுவலைத்தான் எல்லோரும் சுருக்கப் பார்ப்பார்கள். அடியில் அரையடி சகதி கிடந்தால் பைலின் முனை அந்தச் சகதியின் மேல்தான் உட்காரும். கழுவி முடித்துக் கயிறு விட்டு மறுபடி அளந்த பிறகுதான் கான்கிரீட்.

கான்கிரீட் குழாய் வழியாக அடியிலிருந்து மேலே எழும்பி வர வேண்டும். குழாயின் வாய் எப்போதும் ஊற்றிய கான்கிரீட்டுக்குள் ஒன்றரை, இரண்டு மீட்டர் முங்கியே இருக்கணும். அவசரப்பட்டு உருவினால் குழம்பு நடுவே புகுந்து பைல் இரண்டு துண்டாகிவிடும். ஸ்லம்ப் (கலவையின் இளக்கத்தைக் காட்டும் அளவு) 150 முதல் 180 மி.மீ. வேண்டும். ஸ்லாப்புக்கு ஊற்றுகிற கெட்டிக் கலவை இங்கே குழாயில் அடைத்துக்கொள்ளும்.

இப்போது ஒரு எளிய கணக்கு, இதற்குப் படிப்பு வேண்டாம். 450 மி.மீ. விட்டம், 12 மீட்டர் என்றால் கொள்ளளவு 1.9 கன மீட்டர். மண் சுவர் கொஞ்சம் அகன்றிருக்கும் என்பதால் அதைவிடச் சற்றுக் கூடுதலாகப் போக வேண்டும். ஒன்றரை கன மீட்டரிலேயே நிரம்பிவிட்டது என்றால் குழி எங்கோ இடிந்து குறுகிவிட்டது. மூன்று போயும் நிரம்பவில்லை என்றால் எங்கோ பெரிய பொந்து. எத்தனை கன மீட்டர் போனது, எந்த நேரம் தொடங்கி எந்த நேரம் முடிந்தது என்று ஒவ்வொரு பைலுக்கும் ஒரு பக்கம் எழுதி, ஒப்பந்தக்காரரிடம் அன்றைக்கே கையெழுத்து வாங்குங்கள். ரெடிமிக்ஸ் வண்டியில் பெரும்பாலும் 6 கன மீட்டர் வரும், அதாவது மூன்று பைல் அளவு. ஒரு குழி மட்டும் தயாராக இருக்கும்போது முழு வண்டியை வரவழைத்துவிட்டால் மிச்சத்தை வைத்துக்கொண்டு, அடுத்த குழியைக் கழுவாமலே ஊற்றச் சொல்லி அவசரப்படுத்துவார்கள்.

கடைசியில் மேலே வரும் கான்கிரீட்டில் சகதி கலந்திருக்கும். அதனால் வெட்டு மட்டத்துக்கு, அதாவது பைல் முடிய வேண்டிய உயரத்துக்கு மேலே, வடிவமைப்பாளர் சொல்லும் அளவு கூடுதலாக ஊற்றி, பிறகு உடைத்து எடுக்க வேண்டும். கையால் கொத்துவதென்றால் மூன்று நாள் கழித்து, பிரேக்கர் வைப்பதென்றால் ஏழு நாள் கழித்து. தோண்டிய குழியை ஒரு ராத்திரி அப்படியே விட்டுவைக்க வேண்டாம். ஊற்றிய பைலுக்கு ஒட்டிய அடுத்த குழியை உடனே துளைக்கவும் வேண்டாம்.

கான்கிரீட் என்ன ரகம்? நம்ம ஊரில் எம் 20 போடுகிறோம்.

கடலோரச் சூழலை ஐ.எஸ். 456 'கடுமை' என்ற வகையில் வைக்கிறது. அதற்குக் குறைந்தபட்சம் எம் 30. அலைத்துளி நேரடியாகப் படும் இடமோ, தீங்கான உப்பு மண்ணும் நீருமோ என்றால் எம் 35. நீர்-சிமென்ட் விகிதம் 0.45க்கு மேல் போகக்கூடாது. ட்ரெமியில் ஊற்றும் பைலுக்கு ஒரு கன மீட்டருக்கு 400 கிலோ சிமென்ட் என்பது பைல் விதியின் கணக்கு. பைலில் கம்பிக்கு வெளியே 75 மி.மீ. கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்).

சிமென்டைப் பொறுத்தவரை, உப்புக்கு ஸ்லாக் சிமென்ட் (இரும்பு உலைக் கசடு கலந்தது) நல்லது. கடைக்காரர் 'கடலோரமா? சல்பேட் ரெசிஸ்டிங் எடுங்க' என்பார். அது சல்பேட்டுக்கான மருந்து. கம்பியை அரிக்கும் குளோரைடைப் பிடித்து வைக்கும் சரக்கு அதில் குறைவு. தண்ணீர்ச் சோதனையில் என்ன வந்திருக்கிறதோ அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பூச்சுப் பூசிய கம்பி வாங்கலாமா என்று உடனே கேட்பீர்கள். வாங்கலாம். கட்டும்போதும் தூக்கும்போதும் பூச்சு உரிந்தால் அந்தச் சின்ன இடத்தில் அரிப்பு மொத்தமாகக் குவியும். கவரையும் கான்கிரீட்டின் அடர்த்தியையும் சரியாகச் செய்துவிட்டு அப்புறம் இதற்குச் செலவு செய்யுங்கள்.

அங்கே போர் தண்ணீர் கரிக்கிறது. அதில் கலவை போடலாமா?

கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு உள்ள நீர் கூடாது. கேப், பீம் நனைப்பதற்கும் நல்ல தண்ணீரே வேண்டும். லாரித் தண்ணீருக்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். கடற்கரை மணலை நிரப்ப வேண்டுமானால் பயன்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் அதையும் மறுத்துவிடுங்கள். அள்ளுவதே சட்டப்படி தப்பு.

நம்ம ஊர் மேஸ்திரியையே கூட்டிப் போகலாமா? இருபது வருஷப் பழக்கம்.

கேப்புக்கு மேலே வரும் வேலைக்குத் தாராளமாக. சுவர், ஸ்லாப், பூச்சில் நம்ம ஆட்களின் கை சுத்தம் எங்கே போனாலும் நிற்கும். பைல் வேலை வேறு தொழில். அதற்கு அங்கேயே அந்த மண்ணில் துளைத்துப் பழகிய குழு வேண்டும். அவர்கள் வேலை செய்யும்போது மேஸ்திரி கூட நின்று பார்க்கட்டும். கம்பி கட்டுவதில் கள்ளம் இருந்தால் முதலில் கண்டுபிடிப்பவர் அவராகத்தான் இருப்பார்.

பைல் ஒன்று வரைபடத்தில் இருக்கும் இடத்திலிருந்து விலகிவிட்டால்?

450 மி.மீ. பைலுக்கு 75 மி.மீ. வரை விதி பொறுத்துக்கொள்கிறது. அதைத் தாண்டினால் பில்லரின் சுமை பைலின் மேல் நேராக விழாது. கேப்பையும் பீமையும் மறுபடி கணக்குப் பார்த்துப் பெரிதாக்க வேண்டும். 'மண்ணுக்குள்ளேதானே, யாருக்குத் தெரியும்' என்று பில்லரை ஓரமாக நகர்த்தி வைப்பதைத்தான் தடுக்க வேண்டும். செலவு குறைக்க ஒரு பில்லருக்கு ஒரே பைல் போட்டால், இரண்டு திசையிலும் கிரேடு பீம் (தரைமட்டத்தில் கேப்புகளை இணைக்கும் பீம்) கட்டி அதைப் பிடித்தே ஆகணும்.

போட்ட பைல் நன்றாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இரண்டு சோதனை. தலையில் சின்னச் சுத்தியால் தட்டி, அலை திரும்பி வருவதைக் கருவியில் பார்ப்பது ஒன்று, ஐ.எஸ். 14893 இதற்கானது. எங்காவது அறுந்திருக்கிறதா, குறுகியிருக்கிறதா என்று சொல்லும். எவ்வளவு சுமை தாங்கும் என்று சொல்லாது. செலவு அதிகமில்லை, எல்லாப் பைலுக்கும் செய்துவிடுங்கள்.

மற்றது சுமைச் சோதனை. வேலையில் இருக்கும் பைல் ஒன்றின் மேல் வடிவமைப்புச் சுமையைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றி எவ்வளவு இறங்குகிறது என்று அளப்பது. இருபது பைல் போடும் வீட்டுக்கு இந்தச் செலவு கசக்கும். பலர் தவிர்க்கிறார்கள். களி உள்ள மனையில் மாடி வீடு கட்டுகிறவர் ஒன்றாவது செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

பைல் போட்டுவிட்டால் புயலுக்குப் பயப்பட வேண்டாம்தானே?

பைல் வீட்டை உட்கார விடாமல் பார்த்துக்கொள்ளும். கூரையைப் பிடித்துவைக்காது. காற்று விதியின் வரைபடத்தில் நமக்குப் பக்கத்துப் பெங்களூருக்கு நொடிக்கு 33 மீட்டர், சென்னைக்கு 50. அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதால் அங்கே சுவரில் விழும் தள்ளு இரண்டேகால் மடங்குக்கு மேல். அந்தத் தள்ளு பில்லர் வழியாக இறங்கிப் பைலைப் பக்கவாட்டில் வளைக்கப் பார்க்கும். ஒரு பக்கத்துப் பைலை மேலே பிடுங்கவும் பார்க்கும். அதனால்தான் கம்பி பைலிலிருந்து கேப்புக்கும், கேப்பிலிருந்து பில்லருக்கும் அறாமல் போக வேண்டும் என்கிறோம்.

தரைத்தளத்தை ஸ்டில்ட்டாக விட்டால் அந்த இடத்தைத் தண்ணீர் போக வரத் திறந்தே வையுங்கள். இரண்டு வருடம் கழித்துச் செங்கல் சுவர் எழுப்பி வாடகைக்கு விடுகிறவர்கள் வெள்ளத்துக்கு நடுவே ஒரு அணை கட்டிக்கொள்கிறார்கள்.

புயல் கடலோரத்துக்கு மட்டும்தான் என்றும் இல்லை. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையேறிய பெஞ்சல், நம்ம ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழையைக் கொட்டியது. நின்றிருந்த வண்டிகளை வெள்ளம் இழுத்துப்போனதைப் பார்த்தவர்களுக்கு அரிப்பு என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை.

ஒப்பந்தத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

மீட்டருக்கு இவ்வளவு என்று ஒரே வரியில் எழுதித் தந்தால் வாங்காதீர்கள். கான்கிரீட், கம்பி யாருடையது? ரிக் கொண்டுவந்து திருப்பி அனுப்பும் செலவு யாருடையது? வெட்டு மட்டத்துக்கு மேலே வெறுமனே துளைத்த ஆழத்துக்கும் காசு உண்டா? வெளியே வந்த சகதியையும் குழம்பையும் யார் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார்கள்? சண்டை வருவது பெரும்பாலும் இந்தச் சகதியில்தான். இன்னொன்று, ஆழத்துக்குத் தகுந்த கூலி என்பதால் தேவைக்கு மேல் துளைக்கத் தோன்றும். இரவோடு இரவாகக் குறைத்துத் துளைக்கவும் தோன்றும். கயிறு விட்டு அளக்கச் சொன்னது இதற்காகவும்தான்.

மனையே கடலுக்கு எதிரில். அனுமதி கிடைக்குமா?

வாங்குவதற்கு முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. உயர் அலைக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம். ஊர்ப்புறப் பகுதிகளில் அதில் முதல் 200 மீட்டர் பொதுவாகப் புதுக் கட்டடம் கூடாத பகுதி. மக்கள் அடர்த்தி மிகுந்த ஊர்களுக்கு 2019 அறிவிக்கை இதை 50 மீட்டராகச் சொல்கிறது. அலை ஏறி இறங்கும் கழிமுகம், உப்பங்கழி ஓரத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. லேஅவுட் விளம்பரத்தில் 'கடல் 100 மீட்டரில்' என்று போட்டிருந்தால், மண்டல வரைபடத்தில் அந்தச் சர்வே எண் எங்கே விழுகிறது என்று பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

நம்ம மாவட்டத்திலேயே பைல் தேவைப்படும் இடம் உண்டா?

உண்டு. நாளுக்கு நாள் கூடுகிறது. முதல் காரணம் பழைய கிணறு. போர் வந்த பிறகு வற்றிப்போன பாசனக் கிணறுகளை இடிபாடும் குப்பையும் போட்டு மூடி, மேலே செம்மண் பரப்பி, மனை போட்டு விற்கிறார்கள். அறுபதடிக் கிணறு உங்கள் வடகிழக்கு மூலையில் இருப்பது பத்திரத்தில் இருக்காது. பழைய புலப்படத்தைப் பாருங்கள், பக்கத்துக் காட்டுக்காரரைக் கேளுங்கள். எந்தக் காட்டில் எந்தக் கிணறு என்று ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். கிணறு உறுதியானால் வீட்டை நகர்த்துவதே மலிவு. முடியாவிட்டால் கிணற்றுக்கு வெளியே இரண்டு பக்கமும் ஊன்றி மேலே கனமான பீம் போட்டுத் தாண்ட வேண்டும், அல்லது பைல். மாடி வீட்டின் ஒரு பில்லரில் 30 டன் வருவது சகஜம். அதைக் குப்பையின் மேல் வைக்க முடியாது.

நிரப்பிய ஏரி ஓரமும், மூடிய கல்குவாரிக் குழியும் இதே கதைதான்.

இன்னொரு வில்லங்கம் சாய்ந்த பாறை. மேற்கில் மூன்றடியில் கல், கிழக்கில் பதினைந்தடி மண். பாதி வீடு அசையாது, பாதி வீடு இறங்கும்; நடுவே மேலிருந்து கீழே விரிசல். அந்தப் பக்கத்துக்கு மட்டும் சின்ன பைல் இறக்கிப் பாறையைத் தொட வைக்கலாம். ஆனால் தொட்டது பாறைதானா என்று பார்க்கணும். மக்கிய மண்ணுக்குள் யானை அளவு உருண்டைக் கற்கள் தனியாகக் கிடப்பது நம்ம பக்கம் சாதாரணம். உளி 'டங்' என்றதும் நிறுத்திவிட்டால் மிதக்கிற கல்லின் மேல் வீடு. மூன்று மீட்டராவது உள்ளே துளைத்து, உருளையாகக் கல் மாதிரி எடுத்துப் பார்த்தால்தான் உறுதி.

பூமி பூஜை பைலுக்கு முன்னாலா, பின்னாலா?

ரிக் வருவதற்கு முந்தின நாளே முடித்துவிடுங்கள். வந்து நின்ற ரிக்குக்கு வாடகை ஓடும். ராகு காலம் பார்ப்பதென்றால் கான்கிரீட் தொடங்கும் நேரத்துக்குப் பாருங்கள். ஊற்றத் தொடங்கிய பைலை எந்தக் காலத்துக்காகவும் பாதியில் நிறுத்த முடியாது.

எந்த மாதத்தில் தொடங்கலாம்?

அங்கே மழை என்பது அக்டோபர் முதல் டிசம்பர் வரை அடிக்கும் வடகிழக்குப் பருவம். நம்ம பக்கம் போல ஆகஸ்ட், செப்டம்பர் மழையைக் கணக்கு வைத்துத் திட்டம் போடாதீர்கள். தையில் மண் பரிசோதனை, மாசி-பங்குனியில் பைல், சித்திரையில் கேப்பும் கிரேடு பீமும் என்றால் நீர்மட்டமும் இறங்கியிருக்கும், வண்டியும் மணலில் புதையாது. புரட்டாசி பிறப்பதற்குள் கேப்பைச் சுற்றி மண் நிரப்பி இறுக்கியிருக்க வேண்டும். இந்த வருடம் தாமதமாகிவிட்டது என்றால் ஐப்பசியில் குழி துளைக்க வேண்டாம். மண் அறிக்கையை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு தை வரை பொறுங்கள்.